கொரியன்ல அம்மா, அப்பா, நாள், புல் எல்லாம் தமிழ் மாதிரியே இருக்கே, அப்ப அதெல்லாம் நம்மகிட்டேர்ந்து போனதுதானே?

கேட்டது தம்பியா தங்கச்சியான்னு தெரியல, ஆனா கொரியன் டிராமா ஓடுற வீடு, இல்லன்னா சொந்தக்காரங்க வாட்ஸ்அப் குரூப், ரெண்டுல ஒண்ணுலேர்ந்துதான் இந்தக் கேள்வி கிளம்பியிருக்கும். அந்த வார்த்தைங்க நம்மகிட்டேர்ந்து போகல. இதச் சொன்னதுக்கு எனக்கு தமிழ்த் துரோகின்னு பட்டமே கட்டியாச்சு, அதனால கொஞ்சம் விலாவாரியா எழுதிடுறேன்.

மொதல்லயே சொல்லிடுறேன், நான் மொழியியல் படிச்ச ஆளு இல்ல லா. மலேசியாவுல பட்டர்வொர்த் துறைமுகம் பக்கம் சரக்கு அனுப்புற ஃபார்வர்டிங் வேலை. லோரிக்காரங்ககிட்ட மலாய், தவுக்கேகிட்ட, அதாவது சீன முதலாளிகிட்ட, ஹொக்கியன்ங்கிற சீன பாஷை, வீட்டுல தமிழ், அதனால வார்த்தைங்க மேல ஒரு பைத்தியம், கெடச்சத படிப்பேன். டிகிரி இருக்கான்னு கேக்கப்போறவங்க இங்கயே எறங்கிக்கலாம்.

பக்கத்துல பிறைங்கிற ஊர்ல எங்க சொந்தத்துல ஒரு நிச்சயதார்த்தம். சாப்பாடு வர லேட்டு, மைக் ஒரு சித்தப்பா கைக்குப் போயிடுச்சு. கொரியாக்காரன் அம்மாவ ஒம்மாங்கிறான், அப்பாவ அப்பாங்கிறான், புல்லுக்கு புல், நாளுக்கு நல், நானுக்கு நா, பாருங்க நம்மாளுங்க கப்பலேறிப் போயி அவனுக்கு பேசவே கத்துக்குடுத்திருக்காங்கன்னு ஆரம்பிச்சாரு. புள்ளைங்க எல்லாம் ஒரே கைத்தட்டு. அதோட நிக்கல, மலாய்க்காரங்க ஜெண்டேலா நம்ம ஜன்னல், அவங்க தே நம்ம தேயிலைன்னு போய்க்கிட்டே இருக்காரு. "சித்தப்பா, வார்த்தைங்க நெசந்தான், காரணம் அது இல்ல"ன்னு மரியாதையாத்தான் சொன்னேன், என் வீட்டுக்காரி மேசைக்கு அடியில கால மிதிச்சும் சொன்னேன். "நீ வெள்ளைக்காரன் எழுதினத படிச்சிட்டு பேசுற"ன்னுட்டாரு. வேடிக்கை என்னன்னா கொரியனையும் திராவிட மொழிங்களையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு 1905ல புத்தகமே போட்டது ஹோமர் ஹல்பர்ட்னு ஒரு அமெரிக்க மிஷனரி. மொழியியல்காரங்க அத இன்னிக்கு ஏத்துக்கிறதில்ல. ஆக வெள்ளைக்காரன நம்பினது நானா அவரான்னு நீங்களே பாத்துக்குங்க.

அம்மா அப்பாவ மொதல்ல தள்ளி வெச்சிடுங்க. கொழந்தை வாய்க்கு சுலபமா வர்ற சத்தம் மா, பா, தா, அவ்வளவுதான், பெத்தவங்க அது நம்மளத்தான் கூப்பிடுதுன்னு எடுத்துக்கிறாங்க. ரோமன் யாக்கப்சன்னு ஒரு பெரிய மொழியியலாளரு இதப்பத்தி தனியா ஒரு கட்டுரையே எழுதியிருக்காரு. ஜார்ஜியாவுல மாமான்னா அப்பா, அம்மாவுக்கு தேதா! நம்ம மாமாவுக்கும் அதுக்கும் என்ன உறவு சொல்லுங்க பாப்போம்.

புல், நாள், நா, இதெல்லாம் தற்செயல். ஒவ்வொரு மொழியிலயும் ஆயிரக்கணக்குல வார்த்தை, வாய்ல வர்ற சத்தமோ கொஞ்சம், அதுலயும் சின்ன வார்த்தைன்னா ரெண்டு மூணு சத்தந்தான், எங்கயாச்சும் மோதத்தான் செய்யும். ஆஸ்திரேலியாவுல குவீன்ஸ்லாந்து பக்கம் ம்பாபராம்னு ஒரு மொழி இருந்துச்சு, அதுல நாய்க்கு பேரு டாக். இங்கிலீஷ்காரன் குடுத்தது இல்ல, பக்கத்து மொழிங்கள்ல இருக்கிற குடா, அதுக்கும் முன்னாடி குடகா, அப்படித் தேஞ்சு வந்தது. மலாய் டுவாவும் ஹிந்தி தோவும் ரெண்டுதான், ஆனா டுவாவோட சொந்தக்காரங்க மாவோரி ருவா, ஹவாய் லுவா. ஹிந்தி அந்தப் பக்கமே போகல.

அப்ப உறவுன்னு எப்படி கண்டுபிடிக்கிறது? சத்தம் வரிசையா மாறணும். நம்ம பால் கன்னடத்துல ஹாலு, பல் ஹல்லு, புலி ஹுலி, பூ ஹூவு, பெயர் ஹெசரு. நம்ம ப அங்க ஹ, ஒண்ணு ரெண்டு இல்ல, வரிசையா. மெட்ராஸ்ல வேலை பாத்த எல்லிஸ்னு ஒரு இங்கிலீஷ் அதிகாரி 1816லயே தமிழ், தெலுங்கு, கன்னடம் ஒரே குடும்பம்னு எழுதினது வார்த்தைங்களயும் வேருங்களயும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாத்துத்தான், ஒம்மா மாதிரி ஒத்த வார்த்தைய வெச்சு இல்ல.

தமிழ்லேர்ந்து ஒண்ணுமே போகலன்னு நான் சொல்லவே இல்ல, சண்டைக்கு வர்றவங்க இத நல்லா படிங்க. மலாய்ல கெடாய் நம்ம கடை, காப்பால் கப்பல், காத்தில் கட்டில், பெத்தி பெட்டி, மீசாய் மீசை, மோடால் வியாபாரத்துல போடுற முதல், கூயில் கோயில், கெல்டாய் கழுதை. பாருங்க, பாதிக்கு மேல வியாபாரமும் சாமானும். சுமத்ராவுல பாருஸ்ங்கிற கற்பூரத்துக்கு பேர் போன ஊர்ல 1088ல வெட்டின தமிழ்க் கல்வெட்டு இருக்கு, ஐந்நூற்றுவர் வணிகக் குழுவோடது. ஆளு போனாங்க, சரக்கு போச்சு, பேரும் கூடப் போச்சு. இந்தப் பெருமை பத்தாதா?

ஜெண்டேலாவும் ஜன்னலும் ஒண்ணுதான், ஆனா ரெண்டு பேருக்கும் குடுத்தது போர்த்துக்கீசியன், அவன் வார்த்தை ஜனேலா. சாவியும் அவன்துதான். தே இருக்கே, அதுதான் எனக்கு ரொம்பப் பிடிச்சது. ஹொக்கியன்ல தே, காண்டனீஸ்ங்கிற இன்னொரு சீன பாஷையில சா, எழுதுறது ஒரே எழுத்து. பினாங்குல தவுக்கே தேம்பாரு, கோலாலம்பூர்ல இருக்கிற காண்டனீஸ் ஆளு சாம்பாரு. ஹொக்கியன் பேசுற கடற்கரையில சரக்கு ஏத்தின டச்சுக்காரன் தேவ ஐரோப்பாவுக்கு கொண்டு போனான், சீனக் கடற்கரையில மக்காவ்ங்கிற ஊர்ல இருந்த போர்த்துக்கீசியன் சாவ எடுத்துக்கிட்டான். நம்ம தேயிலை அந்தச் சீன தேவோட ஒரு இலைய ஒட்டினது. சித்தப்பா தலைகீழா சொல்லிட்டாரு.

இதையெல்லாம் அன்னிக்கு ராத்திரியே சொந்தக்காரங்க வாட்ஸ்அப் குரூப்ல போட்டேன், கொஞ்சம் நீளந்தான். ஒருத்தர்கூட பதில் எழுதல, காலையில பாத்தா என்னத் தூக்கியிருக்காங்க. யார் தூக்கினதுன்னும் தெரியும். தைப்பூசத்துக்கு பினாங்கு தண்ணீர்மலை கோயிலுக்கு வேன் புடிச்சு மொத்த வாடகையையும் என் கையிலேர்ந்து கட்டினேன், ஆளுக்கு இவ்வளவு ரிங்கிட்னு அந்த குரூப்லதான் எழுதியிருந்தேன், பாதிப்பேரு இன்னும் குடுக்கல, இப்ப கேக்கவும் வழியில்ல. கொரியன்-தமிழ் வார்த்தைன்னு குரூப்ல வந்த ஃபார்வர்ட் லிஸ்ட்டுக்கு இதயம் போட்டவங்கள்ல பாதிப்பேரு காசு குடுக்காதவங்கதான். இது கேள்விக்கு சம்பந்தமில்லதான், இருந்தாலும் எழுதணும்னு இருந்துச்சு.

கமெண்ட்ல திட்டுறவங்க திட்டிக்குங்க. ஆனா கொரியனுக்கும் தமிழுக்கும் பால் ஹாலு மாதிரி வரிசையா ஒரு அஞ்சு காட்டுங்க, அம்மா அப்பா சேர்த்தி இல்ல. காட்டினா சித்தப்பா வீட்டுக்கே போயி கால்ல விழுறேன், வேன் காசும் வேணாம்.