ஸ்காபரோவில் அறை தேடும் தம்பிக்கு

தம்பி, ரொறன்ரோவில் வாடகை ஏன் இவ்வளவு, ஸ்காபரோவில் மலிவாக பேஸ்மென்ற் கிடைக்குமா, குளிருடுப்பு ஊரிலிருந்து கொண்டுவர வேணுமா என்று கேட்டிருக்கிறீர்கள். உடுப்பை இங்கே வாங்குங்கள். மற்ற இரண்டும் ஒரே கேள்விதான்: எத்தனை வீடு கட்டலாம், அறை வாடகைக்கு விடலாமா என்ற நகரத்து விதிகளில்தான் இரண்டுக்கும் பதில் இருக்கிறது.

இந்த நகரத்தின் குடியிருப்புக் காணிகளில் பெரும்பகுதிக்கு, ஒரு காணியில் ஒரு வீடு என்பதுதான் பல காலமாகச் சட்டமாக இருந்தது. நாலு குடித்தன வீடு நகரம் முழுக்கக் கட்டலாம் என்று 2023 மே மாதம்தான் நகரசபை முடிவெடுத்தது. அறை அறையாக வாடகைக்கு விடும் வீட்டுக்கு ஸ்காபரோவில் 2024 மார்ச் 31 வரை அனுமதியே இல்லை. 1998இல் ஸ்காபரோ போன்ற பக்கத்து நகரங்களை ரொறன்ரோவோடு ஒன்றாக்கிய பிறகும் அந்தப் பழைய விதி அப்படியே கிடந்தது. தடையால் அறைகள் ஒழியவில்லை, ஒளிந்துகொண்டன.

தொண்ணூறுகளில் நான் வந்திறங்கியதும் அப்படியொரு வீட்டில்தான். வீட்டைச் சூடாக்கும் பர்னஸுக்குப் பக்கத்தில் மெத்தை. கொப்பி அளவு யன்னல், பனி கொட்டினால் அதுவும் மூடிவிடும். வெளியே போக மேல்வீட்டுக் குசினிக்குள்ளால் ஒரே படி. மீன் பொரித்தால் கத்துகிறது என்று புகை அலாரத்தின் பற்றறியைக் கழற்றி வைத்திருந்தார்கள். முறையிட்டால் வீட்டைப் பூட்டுவார்கள், நாங்கள் தெருவில் என்று எல்லோரும் வாயை மூடிக்கொண்டிருந்தோம்.

ஆகவே வாடகையைக் கேட்க முதல் யன்னலையும் வாசலையும் பாருங்கள். புகை அலாரம் வேலை செய்கிறதா என்று அதன் பொத்தானை அமத்திப் பாருங்கள். அனுமதியில்லாத பேஸ்மென்ற் என்றாலும் ஒன்ராறியோ மாகாண வாடகைச் சட்டம் உங்களுக்கு உண்டு. கடைசி மாத வாடகைக்கு மேல் வைப்புப்பணம் கேட்க முடியாது. ஆனால் வீட்டுக்காரரோடு குசினியோ குளியலறையோ பகிர்ந்தால் அந்தச் சட்டம் உங்களைக் காக்காது. 2018 நவம்பர் 15க்குப் பிறகு புதிதாகச் செய்த பேஸ்மென்ற் என்றால் வாடகை உயர்வுக்கான உச்சவரம்பும் பெரும்பாலும் இல்லை. எப்போது செய்தது என்று கேளுங்கள்.

பிறகு நான் வீடு வாங்கியபோது அனுமதி எடுத்து, தனி வாசல் வைத்து, பெரிய யன்னல் போட்டுத்தான் கீழே ஆள் வைத்தேன். காசு போனது, ஆனால் நிம்மதியாக நித்திரை கொள்கிறேன். பேஸ்மென்ற் வாடகையில் மோர்ட்கேஜ் கட்டி முடித்த எங்கட ஆட்கள் சிலர் இன்று நாலு குடித்தனம் வந்தால் தெரு கெட்டுவிடும், கார் விட இடமில்லை என்கிறார்கள். அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. 2025 ஜூனில் ஆறு குடித்தன வீட்டுக்கு அனுமதி வந்தபோது, பழைய ரொறன்ரோ, ஈஸ்ட் யோர்க் பக்கத்தோடு ஸ்காபரோ நோர்த் வட்டாரத்துக்கு மட்டும்தான் கிடைத்தது. மிச்ச ஸ்காபரோ அப்போது வெளியேதான் நின்றது.