கால்நடை மருத்துவம் கிடைக்காவிட்டால்?

கேள்வி: பிளஸ் டூ முடித்துவிட்டேன், கட் ஆஃப் 188. கால்நடை மருத்துவத்துக்கு விண்ணப்பித்திருக்கிறேன். இந்த வருஷம் கிடைக்காவிட்டால் வீட்டிலிருந்து அடுத்த வருஷம் மறுபடி போடலாம் என்பது என் எண்ணம். வேறு எதற்காவது சேர்த்துப் போடு என்கிறார் அப்பா. அப்படிப் போட்டாலே மனசு தளர்ந்துவிடும் போலிருக்கிறது. என்ன செய்ய?
- வாசகி, நெல்லிக்குப்பம்

பதில்: அப்பா சொல்வதுதான் சரிம்மா. 188 நல்ல மார்க்தான், ஆனால் அதை வைத்து இடம் உறுதி என்று சொல்ல எனக்குத் தைரியமில்லை.

நீ யோசிக்காத ஒன்று இருக்கிறது. தமிழ்நாட்டு ஒதுக்கீட்டில் இந்தப் படிப்புக்கு நீட் கிடையாது, உயிரியலுக்கு 100, இயற்பியலும் வேதியியலும் சேர்த்து 100 என்று பிளஸ் டூ மார்க்கை வைத்தே ரேங்க் போடுகிறார்கள். பாஸான மார்க்கை மறுபடி எழுதிக் கூட்டிக்கொள்ள நம் மாநிலப் பாடத்திட்டத்தில் வழியில்லை. அப்புறம் ஒரு வருஷம் வீட்டில் இருந்து என்ன மாறப்போகிறது, அடுத்த வருஷமும் அதே 188தானே! நீட் மார்க் பார்ப்பது அகில இந்திய ஒதுக்கீட்டின் 15 சதவீத இடங்களுக்கு. காத்திருப்பதென்றால் நீட்டுக்குப் படித்துக்கொண்டு காத்திரு, சும்மா வேண்டாம். பஸ் ஏறினால் வந்துவிடுகிற தூரத்தில் புதுச்சேரி குரும்பாபேட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறதே என்று யாராவது சொல்வார்கள், ஆனால் புதுச்சேரி ஒதுக்கீட்டு இடங்கள் புதுச்சேரிக்காரர்களுக்குத்தான். ஆறாவதிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தவளா நீ? அப்படியென்றால் 7.5 சதவீத ஒதுக்கீட்டை விட்டுவிடாதே.

சரி, வேறு எதற்குப் போடுவது? அதற்கு முன்னால் ஒரு காலை நேரம் உங்கள் ஊர்ப் பக்கத்து மாட்டாஸ்பத்திரியில் போய் நின்று பார். டாக்டர் தோள்வரை கையுறை மாட்டிக்கொண்டு மாட்டின் பின்பக்கம் கைவிட்டு சினை பார்ப்பதையும், அது சட்டையெல்லாம் சாணி அடிப்பதையும், "ரெண்டு ஊசி போட்டும் சினை நிக்கலியே" என்று மாட்டுக்காரர் சண்டைக்கு வருவதையும் பார்த்த பிறகும் அந்த வேலைதான் வேண்டும் என்று தோன்றினால், நீட்டுக்காக ஒரு வருஷம் கொடுப்பதில் தப்பில்லை. உன்னை இழுப்பது வைத்தியம் இல்லை, பாலும் பண்ணையும்தான் என்று தெரிந்தால் சென்னைப் பக்கத்துக் கொடுவள்ளியில் பால்வள பி.டெக். இருக்கிறது (கணிதம் படித்திருக்க வேண்டும், உன் குரூப் என்ன என்று நீ எழுதவில்லை). மீன்வளம் இருக்கிறது, சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்து வேளாண்மை இருக்கிறது, இரண்டும் நாலு வருஷம். சொந்தக்காரர்கள் யாரோ சொன்னார்கள் என்று மட்டும் நர்சிங் போட்டு வைக்காதே, பிடிக்காத படிப்பில் நாலு வருஷம் ஓட்டுவது உனக்கும் கஷ்டம், நாளைக்கு உன்னிடம் வரும் நோயாளிக்கும் கஷ்டம்.

கால்நடைக்குப் போட்ட விண்ணப்பம் வேளாண்மைக்குச் செல்லாது, அது தனி, கடைசித் தேதியும் தனி. எங்காவது ஃபீஸ் கட்டுவதற்கு முன்னால், நடுவில் கால்நடை இடம் வந்தால் பணத்தில் எவ்வளவு திரும்பக் கிடைக்கும், டிசியும் ஒரிஜினல் மார்க் ஷீட்டும் உடனே கைக்கு வருமா என்று அப்பாவை எழுத்தில் கேட்டு வாங்கச் சொல்.