களிமண் வகுப்பும் அரையாண்டு விடுமுறையும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

கோவைக்கு அருகே ஒரு தனியார் பள்ளியில் ஓவிய ஆசிரியையாக இருக்கிறேன். இந்த ஆண்டுதான் களிமண் வகுப்பு தொடங்கினோம். சின்னதாக ஒரு மின்சூளையும் வாங்கித் தந்தார்கள். அரையாண்டு விடுமுறைக்கு முன் எல்லாப் பிள்ளைகளும் செய்து முடித்து, சுட்டு, வீட்டுக்கு எடுத்துப் போக வேண்டும் என்பது நிர்வாகத்தின் உத்தரவு. டிசம்பர் தொடக்கத்தில் செய்தவற்றை மின்விசிறிக்கு அடியில் காயவைத்துச் சூளையில் அடுக்கினேன். பாதி வெடித்துவிட்டது. ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன் தன் யானையின் துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டு அழுதான். மண்ணுக்குள் காற்றுக்குமிழி இருந்திருக்கும் என்கிறார்கள். அடுத்த ஆண்டு முதல் சுடத் தேவையில்லாத செயற்கைக் களிமண்ணுக்கு மாறிவிடலாமா என்று நிர்வாகம் கேட்கிறது. என்ன சொல்வது?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள ஆசிரியைக்கு,

மாற வேண்டாம். மண்ணை மாற்றுவதைவிடத் தேதியை மாற்றுவது எளிது.

காற்றுக்குமிழி பற்றிச் சொன்னதை மனதிலிருந்து எடுத்துவிடுங்கள். வெறும் காற்று பானையை வெடிக்கவைப்பதில்லை, தண்ணீர்தான் வெடிக்கவைக்கிறது. மேலே காய்ந்த மாதிரி தெரியும், உள்ளே ஈரம் இருக்கும். சூளை 100 டிகிரியைத் தாண்டும்போது அந்த ஈரம் நீராவியாகிச் சுமார் 1,700 மடங்கு விரியப் பார்க்கும். வழி இல்லாவிட்டால் சுவரைப் பிளந்துகொண்டு வரும். மின்விசிறி இதற்கு உதவாது. மேல்பரப்பை மட்டும் வேகமாகக் காயவைத்து, விரிசலையும் கொண்டுவரும். நம் குயவர்கள் பச்சைப் பானையை எடுத்தவுடன் வெயிலில் வைக்காமல் முதலில் நிழலில் ஆறவிடுவது அதனால்தான்.

அந்தப் பையனின் யானை அநேகமாகக் கெட்டியான உருண்டையாக இருந்திருக்கும். குழந்தைகள் அப்படித்தான் செய்வார்கள். புதுக்கோட்டை, சிவகங்கைப் பக்கம் அய்யனாருக்கு வேளார் எனப்படும் குயவர்கள் செய்யும் மண் புரவிகளைப் பாருங்கள். ஆள் உயரத்துக்கு மேல் நிற்கும் குதிரைகூட உள்ளே கூடுதான். மண்ணில் மணலும் உமியும் கலந்திருப்பார்கள், ஈரம் வெளியேற அது வழிவிடும். உங்கள் பிள்ளைகளும் யானையின் வயிற்றை அடியிலிருந்து குடைந்து, விரல் பருமனுக்குச் சுவர் விட்டால் போதும். எங்கேயாவது மூடிய கூடு வந்தால் ஊசியால் ஒரு துளை.

அடுத்தது பருவம். நீங்கள் செய்தது வடகிழக்குப் பருவமழை இன்னும் முடியாத நேரம். காற்றே ஈரமாக இருக்கும்போது மண் எப்படிக் காயும்? தலைமுறை தலைமுறையாக மண்ணோடு இருப்பவர்களுக்கே மழைக்காலத்தில் வேலை நின்றுவிடுகிறது. அதற்காகத்தான் தமிழக அரசு அவர்களுக்கு மழைக்கால உதவித்தொகை கொடுக்கிறது. அவர்களால் முடியாததைப் பதினொரு வயதுப் பிள்ளைகளிடம் எதிர்பார்க்கக் கூடாது. இதை உங்கள் நிர்வாகத்திடம் தயங்காமல் சொல்லுங்கள்.

சரி, என்ன செய்யலாம்? விடுமுறைக்கு முன் முடிக்க வேண்டும் என்ற எண்ணத்தையே விட்டுவிட்டு, விடுமுறையைக் காயும் காலமாக எடுத்துக்கொள்ளுங்கள். நவம்பர் கடைசிக்குள் செய்து முடிக்கட்டும். டிசம்பரில் தேர்வு நெருங்கினால் ஓவிய வகுப்பைக் கணக்குக்கும் அறிவியலுக்கும் எடுத்துக்கொள்வார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். எடுத்துக்கொள்ளட்டும், மண் பாட்டுக்குத் தட்டில் காய்ந்துகொண்டிருக்கும். முதல் சில நாட்கள் மேலே தளர்வாக ஒரு பிளாஸ்டிக் தாள் போட்டுவையுங்கள், அப்போதுதான் மெல்லிய காதும் தும்பிக்கையும் உடம்புக்கு முன்னால் காய்ந்து உதிராது. சுடாததை வீட்டுக்குக் கொடுத்தனுப்ப வேண்டாம். பள்ளி வண்டியில் பாதிகூடத் தேறாது.

ஜனவரியில் பள்ளி திறந்ததும் ஒவ்வொன்றையும் கன்னத்தில் வைத்துப் பாருங்கள். குளிர்ந்தால் உள்ளே ஈரம் இருக்கிறது, இன்னும் விடுங்கள். சூளையில் வைத்த பிறகும் ஓர் இரவு முழுக்க 80, 90 டிகிரியிலேயே, கதவை லேசாகத் திறந்து வைத்திருங்கள். 573 டிகிரி அருகே மண்ணில் உள்ள குவார்ட்ஸ் என்ற கனிமம் சட்டென்று விரியும், அங்கேயும் அவசரம் கூடாது. சுமார் 1,000 டிகிரியில் முதல் சூடு முடியும். சூளை தானாக ஆறும்வரை திறக்காதீர்கள். கிளேஸ் என்ற கண்ணாடிப் பளபளப்புப் பூச்சு பூசினால் இன்னொரு சூடு. பொங்கல் கழித்துப் பிள்ளைகள் கையில் கொடுக்கலாம்.

டிசம்பரில் பெற்றோருக்குக் காட்ட ஏதாவது வேண்டும் என்பார்கள். சுடாததையே காட்டுங்கள். பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர் வைத்து, காய்ந்த பச்சை மண் துண்டு ஒன்றையும் சுட்ட துண்டு ஒன்றையும் பிள்ளைகளே போடட்டும். ஒன்று கரைந்து சேறாகும், மற்றது அப்படியே கிடக்கும். தீ மண்ணை என்ன செய்கிறது என்பதைப் பெற்றோருக்குப் பிள்ளைகளே விளக்குவார்கள். கடையில் வாங்கும் செயற்கைக் களிமண்ணில் இது நடக்காது என்பதுதான் அதன் மேல் எனக்குள்ள பெரிய குறை.

அந்தப் பையனிடம் பேசுங்கள். உன் கையில் எந்தக் குறையும் இல்லை, யானை காய நாங்கள் நேரம் கொடுக்கவில்லை என்று தெளிவாகச் சொல்லுங்கள். வெயில் வந்ததும், பிப்ரவரியில், இன்னொரு யானை செய்யச் சொல்லுங்கள். இந்த முறை வயிற்றைக் குடைந்து.