சுவரோடு நகரும் புள்ளிகள்: பழைய வூடூ 2 கார்டின் கோளாறைக் கண்டறிதல்

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: 1998-இல் வெளிவந்த, 12 எம்.பி. நினைவகம் கொண்ட வூடூ 2 கிராஃபிக்ஸ் கார்டு ஒன்று பழைய கணினிப் பொருட்களோடு எனக்குக் கிடைத்தது. விண்டோஸ் 98 திரை பளிச்சென்று தெரிகிறது. டிரைவரும் கார்டை ஏற்றுக்கொள்கிறது. ஆனால் முப்பரிமாண விளையாட்டைத் தொடங்கிச் சிறிது நேரம் சென்றதும், சுவர்களிலும் தரையிலும் பச்சையும் ஊதாவுமான புள்ளிகள் சீரான இடைவெளியில் தோன்றுகின்றன. நினைவகச் சிப்புகள் அனைத்தையும் மாற்றிவிடலாமா?
— வாசகர், கோயம்புத்தூர்

பதில்: மாற்ற வேண்டாம். அந்தக் கார்டில் ஒவ்வொன்றும் அரை எம்.பி. கொண்ட 24 நினைவகச் சிப்புகள் இருக்கின்றன. அத்தனையையும் கழற்றி மாட்டுவதற்குள், இன்று நன்றாக இருக்கும் செம்புத் தடங்களில் சில பெயர்ந்து வந்துவிடும். முதலில் கோளாறு எந்தப் பகுதியில் இருக்கிறது என்பதைத் திரையைப் பார்த்தே கணித்துவிடலாம். இந்தக் கார்டின் அமைப்பு அதற்கு இடம் தருகிறது.

விண்டோஸ் திரை தெளிவாக இருப்பதை வைத்து எந்த முடிவுக்கும் வர முடியாது. 3டிஎஃப்எக்ஸ் நிறுவனத்தின் வூடூ 2 சாதாரணத் திரையை வரைவதே இல்லை. வேறொரு கார்டு வரையும் படம் ஒரு குட்டைக் கேபிள் வழியாக இதற்குள் நுழைந்து, அப்படியே மானிட்டருக்குப் போகிறது. விளையாட்டு தொடங்கும்போதுதான் வூடூ 2 அந்தப் படத்தை விலக்கிவிட்டுத் தன் படத்தை அனுப்புகிறது. ஆகவே உங்கள் கார்டில் மானிட்டர் கேபிள் மாட்டும் விஜிஏ இணைப்புகள் நலமாக உள்ளன என்பது மட்டுமே இதுவரை உறுதியாகியிருக்கிறது.

கார்டில் மூன்று பெரிய சிப்புகளைப் பார்க்கலாம். ஒன்று திரைக்குரிய படத்தைத் தயாரிப்பது. மற்ற இரண்டும் சுவர், தரை முதலியவற்றின் மேல் ஒட்டப்படும் டெக்ஸ்சர் படங்களைக் கையாள்பவை. ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே 4 எம்.பி. நினைவகம் உண்டு. இப்போது விளையாட்டை ஓடவிட்டு, புள்ளிகள் தெரியும் இடத்தில் நின்று, பார்வையை மெல்ல இடமும் வலமும் திருப்புங்கள். புள்ளிகள் மானிட்டரில் ஒரே இடத்தில் நின்றுகொண்டு சுவர் மட்டும் நகர்ந்தால், குற்றவாளி திரைக்குரிய படத்தை வைத்திருக்கும் நினைவகம். புள்ளிகள் சுவரோடு ஒட்டிக்கொண்டு நகர்ந்தால், டெக்ஸ்சர் நினைவகம். சுவரிலும் தரையிலும் மட்டும் தோன்றுவதாக நீங்கள் எழுதியிருப்பதால் இரண்டாவதே எனக்குப் படுகிறது.

டெக்ஸ்சர் சிப்புகள் இரண்டில் எது என்பது அடுத்த கேள்வி. இரண்டும் சங்கிலிபோல இணைக்கப்பட்டவை: இரண்டாவது சிப்பின் விடை முதல் சிப்பின் வழியாகத்தான் திரைச் சிப்பை அடைகிறது. 1996-இல் வந்த முதல் வூடூ கார்டை மனத்தில் வைத்து எழுதப்பட்ட பழைய விளையாட்டுகள் பொதுவாக முதல் சிப்பை மட்டுமே பயன்படுத்தும். குவேக் 2 போன்றவை இரண்டையும் பயன்படுத்தும். பழையவற்றிலும் புள்ளிகள் வந்தால் முதல் சிப்பின் பக்கத்தையும், பழையவை சுத்தமாக ஓடிப் புதியவற்றில் மட்டும் வந்தால் இரண்டாவதன் பக்கத்தையும் ஆராயுங்கள். டெக்ஸ்சர் நினைவகத்தில் கணினி எழுத முடியுமே தவிர, எழுதியதை நேரடியாகத் திரும்பப் படிக்க முடியாது. ஆதலால் சாதாரண ரேம் சோதனை மென்பொருள் இங்கே உதவாது. எதையாவது வரையச் சொல்லி, வரைந்ததைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

‘சிறிது நேரம் சென்றதும்’ என்ற உங்கள் குறிப்பு முக்கியமானது. அதற்கு இரண்டு காரணங்கள் இருக்கலாம். கார்டு சூடானதும் கோளாறு வெளிப்படலாம். அல்லது 4 எம்.பி.யின் முதல் பாதி நலமாக இருந்து, பெரிய அரங்கு ஒன்றில் படங்கள் இரண்டாம் பாதிக்குள் நிரம்பும்போது மட்டும் வெளிப்படலாம். ஒவ்வொரு பாதியும் நான்கு சிப்புகளால் ஆனது. புள்ளிகள் வந்த உடனே, கார்டு ஆறுவதற்குள், விளையாட்டை முதலிலிருந்து தொடங்குங்கள். தொடக்கத்திலேயே புள்ளிகள் இருந்தால் காரணம் சூடு. முன்பு புள்ளிகள் வந்த அதே அரங்கை எட்டிய பிறகே வந்தால் இரண்டாம் பாதி. இரண்டாம் பாதி என்றால், தேட வேண்டிய சிப்புகள் 24-இலிருந்து நான்காகக் குறைந்துவிட்டன.

பச்சை, ஊதா என்ற நிறங்களும் ஒரு தடயம்தான். 16 பிட் நிறத்தில் பச்சைக்குரிய உயர்ந்த பிட் தவறாக 1 ஆனால் அந்தப் புள்ளி பச்சையாகும். தவறாக 0 ஆனால் பச்சை வடிந்து ஊதாச் சாயல் மிஞ்சும். எனவே நிறத்தின் பிட் ஒன்றைக் கொண்டுசெல்லும் ஒரே ஒரு டேட்டா கம்பி தொடர்பற்று ஊசலாடுவதோடு உங்கள் அறிகுறி பொருந்துகிறது. நினைவகத்தில் எந்த இடம் என்று சொல்லும் முகவரிக் கம்பி அறுந்திருந்தால் நிறம் மாறாது. படத்துண்டுகள் இடம் மாறிக் கலைந்து தெரியும்.

இந்தக் கார்டுகளில் சிப்பு எரிந்துபோவதைவிட, அதன் கால் ஒன்று பலகையிலிருந்து மேலெழும்பி நிற்பதே நான் அதிகம் கண்ட பழுது. ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிவைத்த கார்டுகள் உரசிக்கொள்வதால் கால்கள் வளைகின்றன. ஓரத்திலுள்ள கடுகளவு கெப்பாசிட்டர்களும் ரெசிஸ்டர்களும் உதிர்ந்துவிடுகின்றன. பலகையை ஐபிஏ (ஐசோபுரொப்பைல் ஆல்கஹால்) திரவமும் மென்மையான தூரிகையும் கொண்டு துடைத்து, நன்கு உலரவிட்டு, பக்கவாட்டில் விளக்கைச் சாய்த்துவைத்துப் பத்து மடங்கு உருப்பெருக்கியால் பாருங்கள். பிறகு பல் குத்தும் குச்சியின் நுனியால் ஒவ்வொரு காலையும் மிக மெதுவாகத் தொட்டுப் பாருங்கள். ஒட்டாத கால் அசையும்.

மல்டிமீட்டர் வைப்பவர்கள் வழக்கமாக ஏமாறும் இடம் ஒன்று உண்டு. மீட்டரின் முனையைக் காலின்மீது அழுத்தினால், எழும்பியிருந்த கால் அந்த அழுத்தத்திலேயே தடத்தைத் தொட்டு, ‘தொடர்பு இருக்கிறது’ என்று மீட்டர் ஒலிக்கும். நானே ஒருமுறை இப்படி ஏமாந்து, நல்ல சிப்பு ஒன்றை வீணாகக் கழற்றியிருக்கிறேன். முனையைக் கால் சிப்பிலிருந்து வெளிவரும் மேற்பகுதியில், கீழ்நோக்கி அழுத்தாமல் பக்கவாட்டில் வையுங்கள். இரண்டு டெக்ஸ்சர் சிப்புகளும் ஒரே வகையானவை என்பதால், நல்ல பக்கத்தின் அளவீட்டைச் சந்தேகத்துக்குரிய பக்கத்தின் அதே காலோடு ஒப்பிடலாம். வரைபடம் இல்லாத குறையை இது ஓரளவு தீர்க்கும்.

அசையும் காலுக்குச் சால்டர் நன்றாக ஒட்ட உதவும் ஃப்ளக்ஸ் தடவி, நுண்முனை கொண்ட சால்டரிங் அயர்னை ஏறக்குறைய 350 டிகிரி செல்சியஸில் வைத்து, ஓரிரு நொடிகள் தொட்டால் போதும். 1998-இன் கார்டு என்பதால் ஈயம் கலந்த சால்டரையே பயன்படுத்துங்கள். பக்கத்துக் கால்களோடு ஒட்டிக்கொண்டால் செம்புப் பின்னலால் உறிஞ்சி எடுத்துவிடலாம். கால்கள் அனைத்தும் சரியாக இருந்தும் புள்ளிகள் மறையவில்லை என்றால் மட்டுமே அந்த நான்கில் ஒரு சிப்பை மாற்ற வேண்டும். அப்போது 25 நானோநொடி வேகமுள்ள, இடிஓ (EDO) எனப்படும் நினைவக வகையைத் தேடுங்கள். இந்தக் கார்டு 90 மெகாஹெர்ட்ஸில் ஓடுவதால், பழைய ரேம் அட்டைகளிலிருந்து கழற்றிய 60 நானோநொடிச் சிப்பு ஈடுகொடுக்காது.

கேள்வி: கெட்டுப்போன கிராஃபிக்ஸ் கார்டை அடுப்பில், அதாவது ஓவனில், பத்து நிமிடம் சுட்டால் சரியாகிவிடும் என்கிறார்களே?
— வாசகர், திருச்சி

பதில்: அந்த வித்தை, கால்கள் வெளியே தெரியாமல் அடியில் சால்டர் குண்டுகளோடு அமரும் பிற்காலச் சிப்புகளுக்காகப் புழக்கத்துக்கு வந்தது, அவற்றிலும் பெரும்பாலும் சில வாரங்களுக்கே பலன் தரும். வூடூ 2 சிப்புகளின் கால்கள் கண்ணுக்குத் தெரியும்போது கார்டு முழுவதையும் சுடுவது வீண்வேலை. ஈயச் சால்டர் 183 டிகிரியிலேயே உருகிவிடும். அந்தச் சூட்டில் பிளாஸ்டிக் இணைப்புகள் நெளியும், கெப்பாசிட்டர்கள் கெடும். சமைக்கும் ஓவனில் ஈயம் உள்ள பலகையை வைப்பதை நினைத்தும் பார்க்காதீர்கள்.

கேள்வி: இரண்டு வூடூ 2 கார்டுகளை இணைத்து ஓட்டுகிறேன். படத்தில் ஒரு வரி விட்டு ஒரு வரி சிதைந்திருக்கிறது. எந்தக் கார்டு பழுது?
— வாசகர், யாழ்ப்பாணம்

பதில்: இணைப்பு முறையில் ஒரு கார்டு ஒற்றைப்படை வரிகளையும் மற்றது இரட்டைப்படை வரிகளையும் வரைகிறது. ஆகவே பழுது ஒரே கார்டில்தான் அல்லது இடையிலுள்ள ரிப்பன் கேபிளில்தான் இருக்கிறது. கணினியை அணைத்து, ரிப்பனைக் கழற்றி, கார்டுகளை ஒவ்வொன்றாகத் தனியே ஓட்டிப் பாருங்கள். இரண்டும் தனித்தனியே நன்றாக ஓடினால் ரிப்பனை மாற்றுங்கள்.