வாரா வாரம் ‘இல்லை’ என்று எழுதுவது எதற்கு?

கேள்வி: மாவட்ட மருத்துவமனையில் போலியோ கண்காணிப்புப் பொறுப்பை அண்மையில் ஏற்றிருக்கிறேன். எங்கள் மாவட்ட மக்கள்தொகை சுமார் 5 லட்சம். இங்கே போலியோ வந்து பல ஆண்டுகள் ஆகின்றன. இருந்தும் வாரா வாரம் ‘இல்லை’ என்று அறிக்கை அனுப்பச் சொல்கிறார்கள். குய்லான்-பாரே (நரம்புகள் பாதிக்கப்பட்டுக் கைகால் தளரும் வேறொரு நோய்) என்று நரம்பியல் மருத்துவர் எழுதிக் கொடுத்த குழந்தைக்கும் மலம் எடுத்து அனுப்பச் சொல்கிறார்கள். சென்ற ஆண்டு நாங்கள் அனுப்பிய மூன்று குழந்தைகளில் இரண்டு பேரின் மாதிரி ‘போதுமானதல்ல’ என்று கணக்கில் ஏறிவிட்டது. எங்கே தவறுகிறோம்?

பதில்: கடைசிக் கேள்விதான் அவசரமானது. ஆனால் முதல் இரண்டும் புரியாமல் அதைச் சரிசெய்ய முடியாது.

15 வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குத் திடீரென்று கையோ காலோ தளர்ந்துபோனால், காரணம் எதுவானாலும் அது ‘ஏஎஃப்பி’ (acute flaccid paralysis, திடீர்த் தளர்வாதம்). உடனே தெரிவிக்க வேண்டும், 48 மணி நேரத்துக்குள் ஒருவர் நேரில் போய்க் குழந்தையைப் பார்த்து விசாரிக்க வேண்டும். போலியோ என்று சந்தேகம் வந்தால் மட்டும் தெரிவிப்போம் என்று யாராவது வடிகட்ட ஆரம்பித்தால் அந்த இடத்திலேயே கண்காணிப்பு முடிந்தது. முதல் வகைப் போலியோ கிருமி தொற்றியவர்களில் ஏறக்குறைய 200 பேருக்கு ஒருவருக்குத்தான் வாதம் வரும். மற்றவர்கள் காய்ச்சலோடோ, அதுகூட இல்லாமலோ கிருமியைப் பரப்பிக்கொண்டிருப்பார்கள். இரண்டாம், மூன்றாம் வகைகளில் வாதம் இன்னும் அபூர்வம். அந்த ஒரு குழந்தையைத் தவறவிட்டால், அதன் பின்னால் இருக்கும் நூற்றுக்கணக்கான தொற்றுகளையும் சேர்த்துத் தவறவிடுகிறோம்.

போலியோ தளர்வு காய்ச்சலோடு தொடங்கும், ஒரு பக்கம் அதிகமாக இருக்கும், மூன்று நான்கு நாளில் முழுமையாகிவிடும், உணர்ச்சி குறையாது. குய்லான்-பாரேயில் இரண்டு காலும் ஒன்றுபோலத் தளர்ந்து மேல்நோக்கி ஏறும், மதமதப்பு இருக்கும். எழுத்தில் இது தெளிவுதான். ஆனால் வலியில் அழும் இரண்டு வயதுக் குழந்தையிடம், அதுவும் மூன்றாம் நாளில், உணர்ச்சி சரியாக இருக்கிறதா என்று யாரால் உறுதியாகச் சொல்ல முடியும்? நரம்பியல் மருத்துவர் திறமைசாலியாகவே இருக்கட்டும். அவருடைய முடிவு சிகிச்சைக்கு. போலியோ இல்லை என்ற முடிவு ஆய்வகத்திலிருந்துதான் வர வேண்டும்.

இன்னொரு பயனும் உண்டு. குய்லான்-பாரே, தண்டுவட அழற்சி, ஊசி நரம்பில் பட்டு வரும் வாதம் போன்றவை போலியோ இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஆண்டுதோறும் வந்துகொண்டே இருக்கும். 15 வயதுக்கு உட்பட்ட ஒரு லட்சம் குழந்தைகளுக்கு ஆண்டுக்கு ஒரு போலியோ அல்லாத ஏஎஃப்பியாவது பதிவாக வேண்டும் என்பது அடிப்படை அளவு. ஆபத்து அதிகமுள்ள நாடுகளில் இரண்டு, கிருமி பரவும் இடங்களில் மூன்று. வலையில் ஒரு கெண்டைகூட விழாதபோது ஆற்றில் விராலே இல்லை என்று சொன்னால் யார் நம்புவார்கள்?

உங்கள் கணக்கைப் பாருங்கள். 5 லட்சம் பேரில் 15 வயதுக்கு உட்பட்டவர்கள் 40 சதவீதம் என்று வைத்தால் 2 லட்சம் குழந்தைகள். லட்சத்துக்கு இரண்டு என்றால் ஆண்டுக்கு நான்கு பேர். உங்களுக்கு மூன்று கிடைத்திருக்கிறது. குறைவுதான், ஆனால் மோசமில்லை. ஒரு முழு ஆண்டும் ஒருவர்கூடப் பதிவாகவில்லை என்றால், அது தற்செயலாக நடக்க நூற்றுக்கு இரண்டு வாய்ப்புதான் இருக்கிறது. அப்போது சந்தேகப்பட வேண்டியது வலையை. வாராந்தர ‘இல்லை’யும் இதற்காகத்தான். அறிக்கையே வராவிட்டால், குழந்தை வரவில்லையா, அனுப்ப வேண்டியவர் விடுப்பில் இருக்கிறாரா என்று தெரியாது. ‘இல்லை’ என்று எழுதி அனுப்பியவர் பதிவேட்டைப் புரட்டினார் என்றாவது எதிர்பார்க்கலாம்.

வலை கிழிந்தால் என்ன ஆகும் என்பதற்கு நைஜீரியா சாட்சி. 2015 செப்டம்பரில் போலியோ நிலைகொண்ட நாடுகளின் பட்டியலிலிருந்து அது நீக்கப்பட்டது. 2016 ஆகஸ்டில் போர்னோ மாநிலத்தில் குழந்தைகளுக்கு வாதம் கண்டறியப்பட்டது. கிருமியின் மரபணு வரிசை, 2011இல் அதே மாநிலத்தில் கடைசியாகப் பிடிபட்ட கிருமியோடு நெருங்கி நின்றது. வன்முறையால் ஆட்கள் போக முடியாத பகுதியில் அது ஐந்தாண்டுகள் யார் கண்ணிலும் படாமல் சுற்றியிருக்கிறது.

இனி மாதிரிக்கு வருவோம். ‘போதுமான’ மாதிரி என்றால்: வாதம் தொடங்கிய 14 நாளுக்குள், குறைந்தது 24 மணி நேர இடைவெளியில், இரண்டு முறை எடுத்த மலம், அது ஆய்வகத்துக்கு நல்ல நிலையில் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். குறைந்தது 80 சதவீதக் குழந்தைகளுக்கு இது நடக்க வேண்டும். கிருமி முதல் இரண்டு வாரங்களில்தான் மலத்தில் அதிகம் வெளியேறும், அதுவும் விட்டு விட்டு. அதனால்தான் 14 நாள், அதனால்தான் இரண்டு முறை.

ஒவ்வொரு முறையும் 8 கிராம், ஏறக்குறைய பெரியவரின் கட்டைவிரல் நுனிக் கணு அளவு. ஆசனவாயில் பஞ்சுக் குச்சி விட்டு எடுப்பது இந்த அளவுக்குப் போதாது. சுத்தமான, அகன்ற வாயுள்ள, திருகுமூடிப் புட்டி போதும். பாதுகாப்புத் திரவம் எதையும் ஊற்றாதீர்கள். பெயர், குழந்தையின் அடையாள எண், முதலாவதா இரண்டாவதா, எடுத்த தேதி ஆகியவற்றைப் புட்டியின் உடலில் எழுதுங்கள். மூடியில் எழுதினால் மூடி மாறும்போது குழந்தையே மாறிவிடும். புட்டியைக் கசியாத பையில் போட்டு, படிவத்தைத் தனிப் பையில் வையுங்கள். ஈரத்தில் ஊறி மை கலைந்த படிவங்கள் ஆய்வகங்களில் சாதாரணக் காட்சி.

எடுத்த நொடியிலிருந்து 2 முதல் 8 டிகிரி செல்சியஸ். நன்றாக உறைந்த ஐஸ் பேக்குகள் அடுக்கிய கேரியரில் வைத்து, 72 மணி நேரத்துக்குள் ஆய்வகத்தில் சேர்க்க வேண்டும். முடியாதென்று தெரிந்தால் உடனே மைனஸ் 20 டிகிரியில் உறைய வைத்து, உறைந்தபடியே அனுப்புங்கள். இடையில் உருகி மறுபடி உறைந்தால் கிருமி அழியும். இந்தக் கேரியரைத் தடுப்பூசிக்கு ஒருபோதும் திருப்பாதீர்கள். வெளியே பெரிய எழுத்தில் குறித்துவிடுங்கள்.

சொட்டு மருந்து முகாம் நடக்கும் சமயமானால் முதலில் மாதிரி, பிறகு சொட்டு. வரிசை மாறினால் மருந்தின் கிருமியே ஆய்வகத்தில் வளர்ந்து குழப்பும். கடைசிச் சொட்டு கொடுத்த தேதி படிவத்தில் இருக்க வேண்டும் என்பதும் அதனால்தான். வாதம் வருவதற்கு முந்தைய நாட்களில் ஊசி போட்டார்களா, எந்தத் தொடையில் என்பதையும் கேளுங்கள்.

உங்களுடைய இரண்டு மாதிரிகளும் பெரும்பாலும் குளிர்ச்சியில் கெட்டிருக்காது. 14 நாள் கடந்திருக்கும். தேதிகளைச் சரிபாருங்கள். இங்கே நடக்கும் தவறு ஒன்று உண்டு: காய்ச்சல் தொடங்கிய நாளையோ, மருத்துவமனையில் சேர்த்த நாளையோ வாதம் தொடங்கிய நாளாக எழுதிவிடுவார்கள். ‘கடைசியாக எப்போது சரியாக நடந்தான்?’ என்று தாயிடம் கேட்டால் உண்மையான நாள் கிடைக்கும். நாள் சரிதான், குழந்தைதான் தாமதமாக வந்தது என்றால், இடையில் எங்கே போனது என்று விசாரியுங்கள். எலும்பு கட்டுபவர், நாட்டு வைத்தியர், மருந்துக் கடை, சிறு தனியார் மருத்துவமனை என்றுதான் பதில் வரும். உங்கள் தகவல் வலையில் அவர்களில் ஒருவராவது இருக்கிறாரா?

14 நாள் கடந்தாலும் 60 நாள் வரை மாதிரி எடுக்கலாம், எடுக்க வேண்டும். கூடவே, அந்தக் குழந்தையோடு விளையாடிய, ஒரே வீட்டில் இருந்த 5 வயதுக்கு உட்பட்ட மூன்று குழந்தைகளிடமிருந்து ஒவ்வொரு மாதிரி எடுங்கள். 60ஆம் நாளுக்குப் பிறகு திரும்பப் போய்ப் பலவீனம் மிச்சமிருக்கிறதா, தசை மெலிந்திருக்கிறதா என்று பார்ப்பதும் போதுமான மாதிரி கிடைக்காத குழந்தைகளுக்குக் கட்டாயம். மிச்சமிருந்தால், அல்லது குழந்தை இறந்துவிட்டாலோ காணாமல் போனாலோ, நிபுணர் குழுதான் வகைப்படுத்தும். ‘போலியோவாக இருக்கலாம்’ என்ற முத்திரை விழவும் கூடும்.

ஆய்வகம் மலத்திலிருந்து போலியோ அல்லாத குடல் கிருமிகளையும் பிரித்தெடுக்கும். பத்தில் ஒரு மாதிரியிலாவது அவை கிடைப்பது வழக்கம். உங்கள் பகுதி மாதிரிகளில் ஆண்டு முழுவதும் எதுவுமே வளராவிட்டால், பெட்டியில் ஐஸ் இருந்ததா என்று கேட்க வேண்டிய நேரம் அது.

சாக்கடை நீர்ச் சோதனை இருந்தால் இதெல்லாம் வேண்டாமே என்று கேட்பவர்கள் உண்டு. 2024இல் காஸாவில், ஜூன் மாதம் எடுத்த சாக்கடை நீரில் தடுப்பு மருந்திலிருந்து உருமாறிய இரண்டாம் வகைக் கிருமி கிடைத்தது. ஆகஸ்டில்தான் ஒரு குழந்தைக்கு வாதம் உறுதியானது. முன்னெச்சரிக்கையாக அது அருமையான கருவி. ஆனால் எந்தத் தெரு, எந்தக் குழந்தை என்று சொல்லாது. வடிகால் கட்டமைப்பே இல்லாத கிராமங்களைப் பற்றி வாயே திறக்காது.

இந்த வாரமே செய்ய ஒன்று: பிசியோதெரபி பிரிவின் பதிவேட்டைக் கடந்த 6 மாதத்துக்குப் பின்னோக்கிப் புரட்டுங்கள். ‘நடக்க முடியவில்லை’, ‘கால் இழுக்கிறது’, ‘பாதம் தொங்குகிறது’ என்று எழுதியிருக்கும் 15 வயதுக்கு உட்பட்ட பெயர்களைக் குறித்துக்கொண்டு, உங்கள் ஏஎஃப்பி பட்டியலோடு ஒப்பிடுங்கள். பார்த்து முடித்த வரிக்குக் கீழே தேதியோடு கையெழுத்திடுங்கள். அடுத்த வாரம் அங்கிருந்து தொடரலாம். உங்களிடம் குறைகிற நான்காவது குழந்தை பெரும்பாலும் அந்தப் பக்கங்களில்தான் இருக்கும்.