எரிந்தது அண்ணனின் இசைக்கூடம், அடமானத்திற்கு உங்கள் வீடா?

கேள்வி: நான் நாஷ்வில்லில் மென்பொருள் பணியில் இருக்கிறேன். அமெரிக்கரான என் கணவர் கன்ட்ரி இசைக்குழுக்களில் பெடல் ஸ்டீல் கிட்டார் வாசிக்கிறார். அவருடைய அண்ணன் நடத்திய இசைக்கூடம் மூன்று மாதங்களுக்கு முன் எரிந்துபோனது. அங்கே பின்னறையில் வைத்திருந்த என் கணவரின் கருவிகளும் அழிந்தன. கூடத்தை மீண்டும் கட்ட, எங்கள் வீட்டின் பேரில் 80,000 டாலர் ஹோம் ஈக்விட்டி கடன் வாங்கித் தரும்படி அண்ணன் கேட்கிறார். முன்பு இரண்டு தடவையாகக் கொடுத்த 30,000 டாலரே இன்னும் வரவில்லை. "பிராட்லீஸ் பார்ன் ஒலிப்பதிவுக்கூடம் 1980இல் எரிந்தும் மீண்டும் கட்டப்படவில்லையா?" என்கிறார். என்ன செய்வது?

பதில்: சகோதரி, கருவிகளை இழந்த உங்கள் கணவரின் வேதனை எனக்குப் புரிகிறது. ஆனால் உங்கள் கடிதத்தில் என்னைக் கலங்கவைத்தது தீயைவிட அந்த 30,000 டாலர்தான். எழுத்தில் எதுவும் வாங்காமல், திரும்பிவரும் தேதியும் பேசாமல், அண்ணன் கேட்கும்போதெல்லாம் கொடுப்பது உங்கள் வீட்டின் வழக்கமாகிவிட்டது. இப்போது கேட்பது அதே வழக்கத்தின் மூன்றாவது தவணை, வீட்டை ஈடாக வைத்து.

தோராயமாகக் கணக்கிடுவோம். வட்டி 9 சதவீதம், தவணைக்காலம் பத்து ஆண்டுகள் என்று கொண்டால் மாதம் ஆயிரம் டாலருக்குச் சற்றுக் கூடுதலாகக் கட்ட வேண்டும். முடிவில் 1,20,000 டாலருக்கு மேல் போயிருக்கும். பழைய 30,000ஐயும் சேர்த்தால் ஒன்றரை லட்சம். கூடத்தில் வருமானம் வந்தாலும் வராவிட்டாலும் இந்தத் தவணையைக் கட்ட வேண்டியவர் நீங்கள். தவறினால் கடன் கொடுத்தவர் கைவைப்பது உங்கள் வீட்டில்.

பிராட்லீஸ் பார்னை மீண்டும் எழுப்பிய ஓவன் பிராட்லி, டெக்கா இசைத்தட்டு நிறுவனத்தின் நாஷ்வில் பிரிவை நடத்தி, புகழ்பெற்ற பாடகிகளான பாட்ஸி க்ளைன், லொரெட்டா லின் ஆகியோரின் பாடல்களைத் தயாரித்துப் பேர் பெற்றவர். அண்ணன் தம் நிலையை ஒப்பிட வேண்டியது டெக்சஸ் மாநிலம் பாசடீனாவில் இருந்த கில்லீஸ் என்ற கன்ட்ரி இசை கேளிக்கைக் கூடத்தோடு. அது 1990இல் எரிந்தது உண்மை. ஆனால் பங்குதாரர்களான பாடகர் மிக்கி கில்லிக்கும் ஷெர்வுட் க்ரையருக்கும் இடையே வழக்கு மூண்டு, 1989இலேயே அது மூடப்பட்டுவிட்டது. நெருப்புக்கு முன்பே அதை முடித்துவைத்தது பணத் தகராறு. உங்கள் கணவருக்கும் அவர் அண்ணனுக்கும் இடையே அப்படி ஒன்று வர வேண்டாம். அண்ணனின் காப்பீட்டு நிறுவனம் எவ்வளவு கொடுத்தது, வங்கி அவர் பெயரில் ஏன் கடன் தரவில்லை என்ற இரண்டையும், கோபமில்லாமல், காகிதத்தோடு கேளுங்கள்.

கடிதத்தின் ஓரத்தில், நண்பர் ஒருவர் இன்டெக்ஸ் யுனிவர்சல் லைஃப் (பங்குச்சந்தைக் குறியீட்டையொட்டிச் சேமிப்பு வளரும் ஆயுள் காப்பீடு) பாலிசி எடுத்து அதிலிருந்தே கடன் பெறலாம் என்று சொன்னதாகக் குறித்திருக்கிறீர்கள். வேண்டவே வேண்டாம். முதல் சில ஆண்டுகள் கட்டும் பணத்தில் பெரும்பகுதி கமிஷனுக்கும் செலவுக்கும் போய்விடும். இடையில் விட்டால் சரண்டர் கட்டணமும் உண்டு. 1970இல் டென்னசியில் எரிந்துகொண்டிருந்த தம் வீட்டுக்குள் ஓடித் தம் கிட்டாரை மீட்ட வில்லி நெல்சனே, பின்னாளில் வரிச் சேமிப்பு என்று விற்கப்பட்ட திட்டங்களில் சிக்கி, 1990இல் 1.6 கோடி டாலருக்கு மேற்பட்ட வரிபாக்கிக்காகச் சொத்துகளைப் பறிகொடுத்தார்.

நீங்கள் காக்க வேண்டியது உங்கள் கணவரின் தொழிலை. கூடத்தின் காப்பீடு பொதுவாக உரிமையாளரின் பொருள்களுக்கு மட்டுமே பொருந்தும். வீட்டுக் காப்பீடும் தொழிற்கருவிகளுக்கு மிகக் குறைவாகவே தரும். அதனால் கருவிகளுக்கென்று தனிக் காப்பீடு எடுக்கட்டும். 30,000 டாலர் மதிப்புள்ள கருவிகளுக்கு, நூறு டாலருக்கு ஒன்றரை டாலர் பிரீமியம் என்று கொண்டாலும் ஆண்டுக்கு 450 டாலர்தான், கேட்கப்படும் கடனின் அரை மாதத் தவணைகூட இல்லை. இசைக்கலைஞர் சங்கத்தின் நாஷ்வில் கிளையில் இதுபற்றிக் கேட்கச் சொல்லுங்கள். இடருற்ற கலைஞர்களுக்குத் திருப்பிக் கட்டத் தேவையில்லாத உதவி வழங்கும் ஓப்ரி டிரஸ்ட் ஃபண்டுக்கும் மியூசிகேர்ஸுக்கும் அவர் இந்த வாரமே விண்ணப்பிக்கட்டும்.

அண்ணனுக்கு உதவியே ஆக வேண்டுமானால், திரும்பாவிட்டாலும் தாங்கக்கூடிய ஒரு தொகையை, மூவாயிரமோ ஐயாயிரமோ, அன்பளிப்பு என்று சொல்லியே கொடுங்கள். கடன் விண்ணப்பத்தில் கையெழுத்திடாதீர்கள். அதை அண்ணனிடம் சொல்ல வேண்டியவர் உங்கள் கணவர், நீங்கள் அல்ல.