சிவந்த கண் நாளை வரை பொறுக்குமா? நீலகிரிக் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: தேயிலைக் கவாத்து சமயத்தில் கண்ணில் குச்சி குத்தியவர்கள் நிறைய வருகிறார்கள். எஸ்டேட் டிஸ்பென்சரியில் எதுவரை பார்க்கலாம்? (செவிலியர், கோத்தகிரி)

பதில்: மருந்து போடும் முன்பே இரண்டு கண்ணின் பார்வையையும் எழுதி வையுங்கள். ஃப்ளோரசீன் சாயம் தோய்ந்த பட்டையை ஒரு சொட்டு சலைனில் நனைத்து, கீழிமையின் உட்புறம் தொட்டு, நீல வெளிச்சத்தில் பாருங்கள். பச்சையாக ஒளிரும் இடத்தில் கருவிழியின் மேல்தோல் உரிந்திருக்கிறது. கருவிழி தெளிவாக இருந்து வெறும் சிராய்ப்பு என்றால் குளோராம்ஃபெனிகால் 1% களிம்பு, நாளுக்கு மூன்று முறை, மூன்று நாள். மறுநாள் கட்டாயம் வரச் சொல்லுங்கள். கட்டுப் போட வேண்டாம். செடி பட்ட கண்ணை மூடிவைத்தால் கிருமிக்குத்தான் வசதி.

சாம்பல் வெள்ளைப் புண், இறகு போலப் பிசிறடித்த ஓரம், பக்கத்தில் குட்டிப் புள்ளிகள், கருவிழிக்குப் பின்னால் அடியில் தேங்கிய சீழ்: இவை தெரிந்தால் பூஞ்சை என்றே சந்தேகப்படுங்கள். வலி குறைவாக இருக்கிறதே என்று ஏமாற வேண்டாம். புண்ணைச் சுரண்டி, மைக்ராஸ்கோப்பில் பூஞ்சையைத் தேடும் கே.ஓ.ஹெச். ஸ்மியர் பரிசோதனை செய்யும் இடத்துக்கு அன்றைக்கே அனுப்புங்கள். பூஞ்சை உறுதியானால் பூஞ்சையைக் கொல்லும் நாடாமைசின் 5% சொட்டு மருந்து, தொடக்கத்தில் மணிக்கு ஒரு சொட்டு. இது கலங்கல் மருந்து. பாட்டிலைக் குலுக்காவிட்டால் மருந்து அடியில் தங்கிவிடும், நோயாளி வெறும் தண்ணீரைத்தான் விட்டுக்கொண்டிருப்பார்.

கேள்வி: கண் சிவப்புக்கு டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு கலந்த சொட்டு கேட்கிறார்கள். கொடுக்கலாமா? (மருந்துக் கடை, குன்னூர்)

பதில்: டாக்டர் சீட்டு இல்லாமல் கூடவே கூடாது. சிவப்பு இரண்டு நாளில் வடியும், பூஞ்சை உள்ளே இறங்கும். ஹெர்பிஸ் வைரஸ் புண்ணிலும் இதே கதைதான்.

கேள்வி: அப்பாவுக்குக் கோவையில் விழித்திரை ஆபரேஷன் செய்து கண்ணுக்குள் கேஸ் விட்டிருக்கிறார்கள். டிஸ்சார்ஜ் ஆனதும் ஊட்டிக்கு அழைத்து வரலாமா? (உதகை)

பதில்: வேண்டாம். மலைக்காரர்கள் எல்லோரும் தெரிந்துவைத்திருக்க வேண்டிய விஷயம் இது. கோவை சுமார் 400 மீட்டர், உதகை 2,240 மீட்டர். மேலே ஏற ஏறக் காற்றழுத்தம் குறையும், கண்ணுக்குள் இருக்கும் கேஸ் குமிழி ஏறத்தாழ கால் பங்கு பெருக்கப் பார்க்கும். கண்ணுக்குள் அதற்கு இடம் ஏது? கண் அழுத்தம் எகிறி, விழித்திரைக்குப் போகும் ரத்தமே நின்றுபோகலாம். ஏறும் வழியில் கண் வலித்தாலோ பார்வை இருண்டாலோ வண்டியை உடனே கீழே திருப்ப வேண்டும்.

எந்த கேஸ் என்று டிஸ்சார்ஜ் சீட்டில் பாருங்கள். எஸ்.எஃப்.6 என்றால் கரைய இரண்டு, மூன்று வாரம். சி3எஃப்8 என்றால் இரண்டு மாதம் வரை. நேரே பார்க்கும்போது பார்வையில் தளும்பும் கோடு ஒன்று தெரியும். கேஸ் கரையக் கரைய அது கீழே இறங்கி, கடைசியில் சின்ன உருண்டையாகி மறையும். மறைந்தாலும் டாக்டர் பார்த்துச் சரி என்ற பிறகே ஏறுங்கள். அதுவரை மேட்டுப்பாளையம் பக்கம் சொந்தக்காரர் வீடு இருந்தால் நல்லது. இடையில் வேறு ஆபரேஷன் வந்தால், நைட்ரஸ் ஆக்சைடு என்ற மயக்க வாயு கூடாது என்று மயக்க மருந்து டாக்டரிடம் சொல்லுங்கள். கேஸுக்குப் பதில் சிலிக்கான் எண்ணெய் என்றால் உயரத்தால் இந்தச் சிக்கல் இல்லை.

கேள்வி: பஸ்ஸில் மலையேறி வந்த 60 வயது அம்மாவுக்கு ஒரு பக்கத் தலைவலி, வாந்தி. வளைவுகளால் வந்ததா? (மருத்துவ அலுவலர், குன்னூர்)

பதில்: வாந்திக்கு ஊசி போடும் முன் டார்ச் அடித்துப் பாருங்கள். கண் சிவந்து, கருவிழி மங்கி, கண் பாப்பா (நடுவில் உள்ள கருந்துளை) பாதி விரிந்து வெளிச்சத்துக்கு அசையாமல் நின்றால் திடீர் கண் அழுத்த நோய். விளக்கைச் சுற்றி வானவில் வளையம் தெரிந்ததா என்று கேளுங்கள். மூடிய இமைமேல் விரலால் மெல்ல அழுத்தினால் அந்தக் கண் மட்டும் கல்லாக இருக்கும். சல்ஃபா மருந்து ஒவ்வாமை, சிறுநீரகக் கோளாறு இல்லையென்றால், கண் அழுத்தம் குறைக்க அசிட்டசோலமைடு 500 மி.கி.; ஆஸ்துமா இல்லையென்றால் டிமோலால் 0.5% ஒரு சொட்டு. பிறகு தாமதமின்றிக் கண் மருத்துவமனைக்கு. பாப்பாவைச் சுருக்கும் பைலோகார்பைன் சொட்டுக்கு அவசரப்பட வேண்டாம். அழுத்தம் உச்சத்தில் இருக்கும்போது பாப்பாத் தசை அதற்கு மசியாது. பாப்பாவைச் சுற்றிய நிறப் படலத்தில் (ஐரிஸ்) போடும் லேசர் துளை மற்ற கண்ணுக்கும் தேவைப்படும்.

கேள்வி: குழந்தை சுண்ணாம்பு டப்பாவை அமுக்கிக் கண்ணில் தெறித்துவிட்டது. (கூடலூர்)

பதில்: முதலில் குழாய்த் தண்ணீர், அப்புறம்தான் ஆம்புலன்ஸ். குறைந்தது அரை மணி நேரம் கழுவுங்கள். ஆஸ்பத்திரியில் மேலிமையை இரண்டு மடிப்பாகத் திருப்பி, ஒட்டிய துகள்களை ஈரப் பஞ்சுக் குச்சியால் எடுக்க வேண்டும். ஒரு துகள் தங்கினாலும் எரிப்பு ஓயாது. கழுவி ஐந்து நிமிடம் கழித்து காரத்தன்மையைக் காட்டும் பி.ஹெச். தாளில் 7 அளவுக்கு வராவிட்டால் மறுபடி கழுவுங்கள்.